‘புட் டௌன்’: ஒரு வினைச்சொல்லும் அதன் செயப்படுபொருள்களும்

1

எம்.ஏ. தமிழ் முடித்த கையோடு ஒரு தனியார் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பெயர், ஊர், படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டு, மேசைமேல் கிடந்த படிவத்தை நோக்கிக் கையை நீட்டி ‘புட் இட் டௌன்’ என்றார். எனக்கு ‘புட்’ தெரியும், ‘டௌன்’ தெரியும். கையிலிருந்த சான்றிதழ் ஃபைலைக் குனிந்து தரையில் வைத்தேன். மூன்று பேரும் சிரித்தார்கள். ஓரத்தில் இருந்தவர் மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டு, ‘எழுதச் சொல்றார் தம்பி, எழுதுங்க’ என்றார்.

வேலை கிடைக்கவில்லை. அதற்கு இந்தச் சம்பவம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ரூமுக்குத் திரும்பியதும் அகராதியை எடுத்துப் பார்த்தேன். கீழே வை என்பது முதல் அர்த்தம். எழுது, குறித்துக்கொள் என்பது அடுத்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, பிறர் முன்னிலையில் ஒருவரை மட்டந்தட்டு என்று இருந்தது. அந்தப் பத்து விநாடிக்குள் மூன்றுமே நடந்து முடிந்திருந்தன. அவர்கள் ஒன்றைச் சொன்னார்கள், நான் வேறொன்றைச் செய்தேன், எனக்கு நேர்ந்தது மூன்றாவது.

அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விட்டபாடில்லை. இது ஆங்கிலம் கற்றுக்கொள்வது எப்படி என்கிற கட்டுரை அல்ல. ஒரு வினைச்சொல் யாரைத் தன் செயப்படுபொருளாக எடுத்துக்கொள்கிறது, காலம் மாறும்போது அந்த இடத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பார்க்கும் முயற்சி மட்டுமே.

2

ஒரு வினையும் ‘அப்’, ‘டௌன்’, ‘அவுட்’, ‘ஆஃப்’ போன்ற ஒரு சிறு சொல்லும் சேர்ந்து, தனித்தனியே இரண்டுக்கும் இல்லாத அர்த்தத்தைத் தரும்போது அதை ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்கிறார்கள். பெயர் பழையதல்ல. லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் எழுதிய புத்தகத்தில் இப்பெயரைப் பயன்படுத்துகிறார். ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி யோசனை சொன்ன பெயர் என்றும் குறிப்பிடுகிறார். பெயர் இல்லாத காலத்திலேயே பிரச்சினை இருந்தது. 1755இல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், அந்நியர்களுக்கு ஆங்கிலத்தில் மிகுந்த தொல்லை தருவது இவ்வகைச் சொற்சேர்க்கைதான் என்று ஒப்புக்கொண்டு ஒரு பட்டியலும் தருகிறார். நான் ஃபைலைத் தரையில் வைத்ததற்கு ஜான்சனிடம் ஒரு முன்ஜாமீன் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நமக்கு இது அவ்வளவு அந்நியமான சங்கதியும் இல்லை. ‘மழை பெய்துவிட்டது’ என்றால் யாரும் எதையும் விடவில்லை. ‘எழுதித் தள்ளுகிறார்’ என்றால் தள்ளுமுள்ளு எதுவும் நடக்கவில்லை. துணைவினை என்று நம் இலக்கணம் சொல்லும் இவற்றை 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி தனிப் பதிவாகவே எடுத்துக்கொண்டு அர்த்தம் சொன்னது. ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தமிழில் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வது இன்னொரு வினை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு திசை. ஆகவே அந்த மொழியின் வினைகளுக்குள் ஒரு மேல்கீழ் வரைபடம் ஓசையில்லாமல் கிடக்கிறது. லேக்காஃபும் மார்க் ஜான்சனும் 1980இல் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள்: அதிகாரம் மேலே, அதிகாரத்துக்கு உட்பட்டது கீழே. ‘டௌன்’ என்பது வெறும் திசைச்சொல் இல்லை, ஒரு தராதரம்.

‘புட் டௌன்’ எங்கெல்லாம் வருகிறது? கையிலுள்ள பொருளைக் கீழே வைக்க, விவரத்தைத் தாளில் எழுத, முன்பணம் கட்ட, கலகத்தை அடக்க, நோயுற்ற குதிரையையோ நாயையோ வலியில்லாமல் கொல்ல, ஆளை மட்டந்தட்ட. பின்னால் ஒரு ‘டு’ சேர்த்தால் இன்னொன்று: ஒரு விளைவுக்கு இதுதான் காரணம் என்று ஏற்றிச் சொல்ல. ‘அவன் தோல்வியைச் சோம்பேறித்தனத்துக்கு புட் டௌன் செய்தார்கள்.’

கைடு புத்தகங்கள் இவற்றைத் தொடர்பில்லாத அர்த்தங்களாக நம்பர் போட்டுத் தருகின்றன. அடுத்தடுத்து மூன்றை மட்டும் வைத்துப் பாருங்கள்: எழுது, காரணம் ஏற்று, அடக்கு. ஒரு அலுவலகம் வேலை செய்யும் வரிசை இது. முதலில் விவரம் பதிவாகிறது. பிறகு குற்றம் யார்மீது என்று தீர்மானிக்கப்படுகிறது. அப்புறம் நடவடிக்கை. ஆங்கிலம் இந்த மூன்று கட்டத்துக்கும் ஒரே வினையை வைத்திருப்பது தற்செயலாகக்கூட இருக்கலாம். அந்தத் தற்செயலை ஒரு கதாசிரியன் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் சார்ல்ஸ் டிக்கன்ஸ்.

3

டிக்கன்ஸின் ‘த சைம்ஸ்’ 1844 டிசம்பரில் வெளிவந்த சிறு நூல். ‘கிறிஸ்மஸ் கேரல்’ அளவுக்கு நம் பாடத்திட்டங்களில் இடம்பெறாதது. லண்டனில் ஒரு தேவாலய வாசலில் நின்று கடிதம், பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கும் வயதான கூலி டோபி வெக். ‘ட்ராட்டி’ என்று கூப்பிடுவார்கள். மகள் மெக் அவனுக்குச் சுடச்சுடக் குடல் கறி கொண்டுவருகிறாள். கொல்லுவேலை செய்யும் ரிச்சர்டுக்கும் தனக்கும் மறுநாள், புத்தாண்டு அன்று, கல்யாணம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள். வாசற்படியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரிய மனிதர்கள் வந்து சேர்கிறார்கள். அவர்களில் இருவர் நமக்கு முக்கியம். ஒருவர் ஃபைலர், புள்ளிவிவரக்காரர். இன்னொருவர் ஆல்டர்மேன் க்யூட், நீதிபதி அதிகாரமும் உள்ள நகரப் பிரமுகர்.

ஃபைலர் அந்தக் குடல் கறியைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார். சமைக்கையில் எவ்வளவு வீணாகிறது, நாட்டின் மொத்த நஷ்டம் எவ்வளவு என்று கூட்டிப் பெருக்கி, விதவைகள், அநாதைகள் வாயிலிருந்து பிடுங்கித் தின்கிறாய் என்று டோபியிடம் நிரூபித்துவிடுகிறார். ஏழைகளுக்குக் கல்யாணம் செய்யும் உரிமை இல்லை, பிறக்கவே உரிமை இல்லை, கணிதம் அதை எப்போதோ தீர்மானித்துவிட்டது என்பது அவர் கட்சி. மால்தஸ் 1798இல் எழுதியதும், ஏழைகளைத் தொழிற்கூடங்களுக்கு விரட்டிய 1834 சட்டமும் இந்தப் பாத்திரத்தின் பின்னணி.

ஃபைலர் எழுதுகிறவர். க்யூட் அடக்குகிறவர். அதாவது ‘புட் டௌன்’ இரண்டு ஆட்களாகப் பிரிந்து ஒரே வாசற்படியில் நிற்கிறது.

க்யூட் மெக்கைப் பார்த்துப் பேசும் பேச்சு நாவலின் மையம். கல்யாணம் ஆனதும் புருஷனோடு சண்டை போடுவாய், துன்பப்படும் மனைவி ஆவாய். துன்பப்படும் மனைவிகளை ‘புட் டௌன்’ செய்வதென்று நான் தீர்மானித்திருக்கிறேன். பையன்கள் பிறந்து செருப்பில்லாமல் தெருவில் திரிவார்கள். செருப்பில்லாத பையன்களை ‘புட் டௌன்’ செய்யப்போகிறேன். புருஷன் செத்துக் கைக்குழந்தையோடு அலைவாய். அலையும் தாய்மார்களையும் அப்படியே. நோயாளிகள், சிறு குழந்தைகள் என்று பட்டியல் நீள்கிறது. இந்தக் கடைசி இரண்டும் ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டில் கடவுளின் இரக்கத்தை வேண்டும் இடத்தில் வருகிறவை. ஜெபத்தின் செயப்படுபொருளை எடுத்துச் சட்டத்தின் செயப்படுபொருள் ஆக்குகிறார் க்யூட். முடிவாக, நீ தண்ணீரில் விழவோ தூக்குப் போட்டுக்கொள்ளவோ முயன்றால் இரக்கம் காட்டமாட்டேன், ஏனென்றால் தற்கொலையை ‘புட் டௌன்’ செய்வதென்று இருக்கிறேன் என்கிறார்.

இது டிக்கன்ஸின் கற்பனை மட்டுமல்ல. சர் பீட்டர் லாரி என்ற லண்டன் ஆல்டர்மேன் தற்கொலை முயற்சிகளை ‘புட் டௌன்’ செய்வேன் என்று சொன்னவர். க்யூட் அவருடைய கேலிச்சித்திரம் என்பது வாசகர்களுக்கு அன்றே தெரியும். அதே 1844இல்தான் மேரி ஃபர்லி என்ற ஏழைத் தையல்காரி தன் குழந்தையோடு ரீஜன்ட்ஸ் கால்வாயில் விழுந்தாள். குழந்தை இறந்தது, அவள் பிழைத்தாள். கொலைக் குற்றத்துக்குத் தூக்கு என்று தீர்ப்பாகி, எதிர்ப்புக் கிளம்பிய பிறகு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது.

இந்தப் பேச்சில் மொழி சார்ந்து இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, க்யூட் ஏன் ‘சப்ரெஸ்’ என்று சொல்லவில்லை? லத்தீன் வழிவந்த அந்தச் சொல்லுக்கும் கீழே அழுத்து என்றுதான் மூலப்பொருள். படம் ஒன்றே. ஆனால் அது கோப்பின் மொழி. க்யூட் சாமானிய ஜனங்களோடு அவர்கள் பாஷையிலேயே பேசத் தெரிந்தவர் என்று பெருமைப்படுகிறவர். பஞ்சத்துக்கு அவர்கள் சொல்லும் கொச்சை வார்த்தையைத் தானும் சொல்லிச் சிரிக்கிறவர். ‘புட் டௌன்’ வீட்டுப் பேச்சு. அதிகாரம் நம் பாஷையில் நம் தோளில் கைபோட்டுப் பேசும்போது அதற்கு மறுப்புச் சொல்வது கஷ்டம். டோபியும் மறுக்கவில்லை.

இரண்டாவது, இந்த வினையை ஆங்கிலத்தில் பிரித்து நடுவில் செயப்படுபொருளை வைக்கலாம். செயப்படுபொருள் நீளமாக இருந்தால் பொதுவாக அப்படிப் பிரிக்கமாட்டார்கள். டிக்கன்ஸ் பிரிக்கிறார். செருப்பும் காலுறையும் இல்லாத பையன்கள் முழுசாக ‘புட்’டுக்கும் ‘டௌ’னுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறார்கள். வாக்கியத்தின் கடைசியில், பெரிய எழுத்தில் தொடங்கும் ‘டௌன்’ மேலிருந்து மூடியைப்போல வந்து விழுகிறது. பெரிய எழுத்து இல்லாத தமிழில் இதை மொழிபெயர்க்கிறவர் வேறு வழி பார்க்க வேண்டும்.

அவர்கள் போனபின் தேவாலய மணி அடிக்கிறது. டோபியின் காதில் மணியோசையே அந்த வினையாக ஒலிக்கிறது. அன்றிரவு, குழந்தையைக் கொன்று தானும் செத்த ஒரு பெண்ணைப் பற்றிச் செய்தித்தாளில் படித்து, எங்களைப்போன்றவர்கள் பிறவியிலேயே கெட்டவர்கள்தான் என்று முடிவுகட்டுகிறான். ஆங்கிலத்தில் ஒருவன் தன்னைத் தானே ‘புட் டௌன்’ செய்துகொள்வது என்றும் வழங்குவதுண்டு. அந்த வழக்கின் முழு அர்த்தம் இந்த இடத்தில் கிடைக்கிறது. நாவலில் மணிகளின் ஆவிகள் டோபியைக் குற்றஞ்சாட்டுவதும் இதற்காகவே. க்யூட் சொன்னது பெரிய குற்றமில்லை, அதை நீ நம்பினாயே என்பதே குற்றம்.

பிறகு வரும் கனவில் டீடில்ஸ் என்ற பெரிய பாங்கர் தன் அலுவலகத்திலேயே சுட்டுக்கொண்டு சாகிறார். செய்தி கேட்ட க்யூட் கலங்கிப்போகிறார். எவ்வளவு கௌரவமான மனிதர்! மூளை, நரம்பு, மனித இயந்திரத்தின் புரியாத மர்மம் என்று புலம்புகிறார். ‘புட் டௌன்’ என்ற பேச்சே இல்லை. ஏழைப் பெண்ணின் சாவு நன்றிகெட்டதனத்தின்மீது ஏற்றப்பட்டது, பாங்கரின் சாவு நரம்புகளின்மீது. ‘டு’ சேர்ந்த அந்த இன்னொரு அர்த்தம், சொல்லப்படாமலே, இங்கே தன் வேலையைச் செய்துவிடுகிறது.

4

இந்த வினை எப்போதும் ஏழைகளையே தேடிக்கொண்டிருந்ததா? இல்லை. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னரின் விவிலியத்தில், லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாளின் பாட்டு வருகிறது. அங்கே கடவுள் ‘புட் டௌன்’ செய்வது ஆசனங்களில் இருக்கும் வல்லவர்களை. தாழ்ந்தவர்கள் உயர்த்தப்படுகிறார்கள். மேலே இருப்பவனைத்தானே கீழே இறக்க முடியும்? இலக்கணப்படி பார்த்தால் அதுதான் நியாயமான பிரயோகம். க்யூட்டின் பிரயோகம் விசித்திரமானது. ஏற்கனவே தரையில் கிடப்பவர்களை இறக்குவதற்கு இன்னும் எந்தக் கீழ் பாக்கி இருக்கிறது?

செயப்படுபொருளின் இந்த இடமாற்றம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதல்ல. 1971 தேர்தலில் இந்திரா காந்தியின் முழக்கம் ‘கரீபி ஹட்டாவோ’. வறுமையை அகற்று. 1976இல் நெருக்கடி நிலையின்போது டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகள் இடிக்கப்பட்டபோது அகற்றப்பட்டவர்கள் வறியவர்கள். ‘கரீபி’ என்ற பண்பு ‘கரீப்’ என்ற ஆளாக மாற ஒரு எழுத்துப் போதும். துன்பத்தைச் செயப்படுபொருளாக்கும் வினைகளுக்கு எல்லாம் இந்த ஆபத்து உண்டு. துன்பத்தைக் கையால் பிடிக்க முடியாது, அதைச் சுமக்கிறவனைப் பிடிக்கலாம்.

தற்கொலை விஷயத்தில் க்யூட்டின் வினை நம் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 309: தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை. இங்கிலாந்து 1961இல் தன் சட்டத்தைக் கைவிட்டது. நாம் வைத்துக்கொண்டிருந்தோம். 1994இல் பி. ரத்தினம் வழக்கில் உச்சநீதிமன்றம் இப்பிரிவு செல்லாது என்றது. 1996இல் கியான் கௌர் வழக்கில் செல்லும் என்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயல்கிறவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றது. அதாவது, டீடில்ஸுக்குக் கிடைத்த நரம்பு விளக்கம் மெக்குக்கும் கிடைக்க ஏறக்குறைய 173 ஆண்டுகள் ஆயின. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 இல்லை. ஆனால் 226 இருக்கிறது: ஓர் அரசு ஊழியரை அவர் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கவோ, ஒன்றைச் செய்யுமாறு நிர்ப்பந்திக்கவோ தற்கொலைக்கு முயன்றால் அது குற்றம்.

வீட்டுக்குள் செத்தால் நோய், ஆட்சியர் அலுவலக வாசலில் சாக முயன்றால் குற்றம் என்று இதை வாசிக்க இடமிருக்கிறது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டியால் நொந்த ஒரு குடும்பம் தீக்குளித்து இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அதன்பின் குறைதீர்க்கும் நாளில் மனு கொண்டுவருகிறவர்களின் பைகளை வாசலிலேயே சோதிப்பது பல இடங்களில் வழக்கமானது. மண்ணெண்ணெய் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மனுவோடு உள்ளே போக வேண்டும். அந்தச் சோதனை உயிரைக் காப்பாற்றும், மறுக்கவில்லை. மனுவுக்கு என்ன ஆகிறது என்பதே கேள்வி.

5

இவ்வளவு தூரம் டிக்கன்ஸைக் கொண்டாடிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் அது நேர்மையில்லை. 1857 கிளர்ச்சியின் செய்திகள் லண்டனை எட்டியபோது, அக்டோபர் 4ஆம் தேதி ஏஞ்சலா பர்டெட் கௌட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தான் இந்தியாவில் படைத்தலைவனாக இருந்தால் அந்த இனத்தையே அழித்தொழிக்க முழுமூச்சாக முயல்வேன் என்கிறார் டிக்கன்ஸ். ‘புட் டௌன்’ அங்கே தேவைப்படவில்லை, அதைவிடக் கடுமையான வினை வந்துவிட்டது. க்யூட்டைக் கேலி செய்த அதே பேனா, பதின்மூன்று வருஷம் கழித்து. லண்டன் கூலிக்கு நேர்ந்தபோது வினையின் கொடுமை தெரிந்தது. செயப்படுபொருள் கடல் கடந்து நிறம் மாறியதும் தெரியவில்லை. டிக்கன்ஸ் அந்த வினையை எதிர்த்தாரா, அல்லது தனக்கு வேண்டியவர்கள் அதன் செயப்படுபொருளாக இருப்பதை மட்டும் எதிர்த்தாரா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. அதனால் ‘த சைம்ஸ்’ கெட்ட நூலாகிவிடாது. பிரதி தன் ஆசிரியனைவிட அதிகம் தெரிந்து வைத்திருக்கிறது என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இன்னொரு முனையிலிருந்து ரணஜித் குஹா இதே முடிச்சுக்கு வருகிறார். விளிம்புநிலை ஆய்வுகளின் இரண்டாம் தொகுதியில் 1983இல் வந்த அவருடைய கட்டுரை, குடியானவர் கிளர்ச்சிகளின்போது அதிகாரிகள் எழுதிய கடிதங்களையும் அறிக்கைகளையும் அடக்குமுறையின் ஓர் அங்கமாகவே வாசிக்கிறது. கலகத்தை எழுதுவதும் அடக்குவதும் வெவ்வேறு வேலைகள் அல்ல. ஃபைலரும் க்யூட்டும் ஒரே மேசையில்.

6

கடைசியாக மொழிபெயர்ப்பு. ‘ஐ வில் புட் சூசைட் டௌன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘அடக்குவேன்’ என்று முதலில் வாயில் வரும். அடக்கு என்பது நம் மொழியில் கனமான வினை. உள்ளடக்கம், நல்லடக்கம், அடக்கவிலை எல்லாம் அதன் குடும்பம். அதற்கு ‘அடங்கு’ என்று ஒரு தன்வினை ஜோடியும் உண்டு. குறளில் அதற்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. ‘புட் டௌ’னுக்கு இப்படி ஒரு ஜோடி இல்லை. ஆகவே தமிழில் அடக்குகிறவன் தப்பித்துக்கொண்டு, ‘நீயா அடங்கிப் போயிடு’ என்று வேலையை அடக்கப்படுகிறவன் தலையிலேயே கட்ட முடிகிறது. அதே காரணத்தால்தான் 1990களில் தலித் அரசியல் ‘அடங்க மறு’ என்று மறுப்பையும் அந்த வினைக்குள்ளிருந்தே எடுக்க முடிந்தது. ஆனால் க்யூட்டின் தோழமைத் தொனி ‘அடக்குவே’னில் வராது.

‘ஒழிச்சுக்கட்டப் போறேன்’ என்று சொல்லிப் பார்த்தேன். பேச்சுத் தொனி வருகிறது. ‘கட்டு’ தன் சொந்த அர்த்தத்தை இழந்து துணைவினையாக நிற்பதும் பொருத்தம். ஆனால் வறுமை ஒழிப்பு, கொசு ஒழிப்பு என்று கேட்டுப் பழகிய காதுக்கு இதில் ஒரு நல்ல காரியத்தின் வாசனை அடிக்கிறது. கேலி மறைந்துவிடுகிறது.

பிறகுதான் ‘போடு’ ஞாபகம் வந்தது. ‘புட்’டுக்கு நேர்ச்சொல். கணக்குப் போடு, கையெழுத்துப் போடு, கேஸ் போடு, ஆளைப் போடு. எழுதுவதும் கொல்லுவதும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. ஃபைலர் கணக்குப் போடுவார், க்யூட் கேஸ் போடுவார். க்யூட்டுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘செருப்பில்லாத பசங்களா? எல்லாரையும் உள்ள போட்டுடுவேன். அலையற தாய்மாருங்களா? உள்ள போட்டுடுவேன். தற்கொலையா? தற்கொலையையும் உள்ள போட்டுடுவேன்.’ பையன்களையும் தாய்மார்களையும் உள்ளே போடலாம். தற்கொலையை எப்படி உள்ளே போடுவது என்று வாசகன் ஒரு கணம் தடுக்கி நிற்பான். போட முடிந்தது தற்கொலைக்கு முயன்ற ஆளை மட்டுமே என்பது அப்போது அவனுக்குத் தெரிந்துவிடும். டிக்கன்ஸின் பெரிய எழுத்து ‘டௌன்’ செய்த காரியத்தை இந்தத் தடுக்கல் செய்யும்.

அந்த நேர்முகத் தேர்வில் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பெயர், ஊர், சாதி, படிப்பு. எல்லாவற்றையும் ‘புட் டௌன்’ செய்தேன். எழுதி முடித்துத் தரையிலிருந்த ஃபைலைக் குனிந்து எடுத்தபோதுதான் அவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.